அளந்து கொடுத்தவர்களுக்கு

தைப்பிங் மருத்துவமனையின் பச்சைக்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் மிஸ்ஸிமார்களுக்கும் டாக்டர்களுக்கும், அன்றிரவு ஆம்புலன்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பாரிட் புந்தார் மிஸ்ஸிக்கும்,



என் மகளின் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. பெயர் வைப்பதற்கு முன்பே உங்கள் கைக்கு வந்துவிட்டவள். இன்குபேட்டரில் ஒட்டிய அட்டையில் என் பெயருக்கு முன்னால் ‘பேபி ஆஃப்’ என்று எழுதி, அதையே அவள் பெயராக்கி வைத்திருந்தீர்கள். 29ஆம் வாரத்தில் பிறந்தவள். எடை ஒரு கிலோ நூறு கிராம். அப்படியும் ஞாபகம் வராவிட்டால் என் பாட்டியைச் சொல்கிறேன். எண்பது தாண்டியவர், வெள்ளைச் சேலை, பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் வாசலில் நின்று உங்களோடு மலாயில் வழக்காடியவர். இப்போது தெரிந்திருக்கும்.

போன ஆண்டு நடந்ததற்கு இப்போது எழுதுகிறேன். பிள்ளை வீட்டுக்கு வந்தபின் பேனா பிடிக்க நேரம் ஏது? ஆனால் அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையில் ஃபோனை வைத்து நிறையப் படித்தேன். நீங்கள் அவளுக்குச் செய்த ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கத்தான் எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது பிடிபட்டது. உங்கள் வார்டில் யாரும் எதையும் அள்ளிக் கொடுக்கவில்லை. மருந்து, காற்று, பால், வெளிச்சம், தொடுகை, எல்லாவற்றையும் அளந்துதான் கொடுத்தீர்கள். அந்த அளவுக்காகத்தான் இந்த மடல்.

முதலில் ஆம்புலன்ஸ் மிஸ்ஸிக்கு. பனிக்குடம் உடைந்து பாரிட் புந்தார் மருத்துவமனைக்கு ஓடியபோது, அங்கேயே பிள்ளையை எடுத்துவிடுவார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நீங்களும் அன்று இருந்த டாக்டரும் செய்தது இரண்டே காரியம்: எனக்கு ஓர் ஊசி, தைப்பிங்குக்கு ஒரு ஃபோன். இவ்வளவு சின்னப் பிள்ளையை வெளியே எடுத்து வண்டியில் ஏற்றுவதைவிட, வயிற்றோடு தாயை ஏற்றி அனுப்புவதுதான் பத்திரம் என்று டாக்டர் விளக்கினார். “இந்த ஊசி உங்களுக்கு இல்ல, பிள்ளையோட நுரையீரலுக்கு” என்றீர்கள். வலியில் அது என் காதில் சரியாக ஏறவில்லை.

அந்த ஊசி நியூசிலாந்தில் ஆட்டிலிருந்து வந்த ஞானம். கிரஹாம் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலியைத் தொடங்கி வைப்பது எது என்று கண்டுபிடிக்க, வயிற்றிலிருந்த ஆட்டுக்குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நாள் நிறையாமல் விழுந்த ஒரு குட்டி, கணக்குப்படி செத்திருக்க வேண்டியது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ராஸ் ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து அதைத் தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்து 1972இல் வெளியிட்டார். விலை மலிவான மருந்து. நேரத்தோடு போடுவதற்கு ஒருவருக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்குத் தோன்றியது. இரண்டாவது ஊசியைத் தைப்பிங்கில் போட்டார்கள். அது வேலை செய்யக் கொஞ்சம் அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் என் மகள் வந்தாள்.

“ஏழாம் மாசப் பிள்ளை தங்கும்டி, எட்டாம் மாசம்தான் தங்காது” என்று பாட்டி ஃபோனில் எனக்குத் தைரியம் சொன்னார். ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பும் கூடத்தான் செய்யும் என்று உங்களில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். பாட்டியின் கணக்குக்குப் பின்னால் இருந்தது வேறு. அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் கிரியான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். எட்டாம் மாதத்தில், லயத்து வீட்டில், ஓர் ஆண் பிள்ளை பிறந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தானாம். பஞ்சில் சுற்றி அடுப்படிச் சூட்டில் வைத்தார்கள். மூச்சுக்கு மூச்சு முனகிக்கொண்டே இருந்தான். தோட்டத்து டிரஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். மறுநாள் முனகல் நின்றுவிட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1963 ஆகஸ்டு 7ஆம் தேதி, அமெரிக்க அதிபர் கென்னடிக்குப் பேட்ரிக் என்று ஒரு மகன் பிறந்தான். அவனும் ஐந்தரை வாரம் முந்தி வந்தவன், இரண்டு கிலோவுக்கு மேல் எடை. அவனுக்கும் மூச்சுதான் பிரச்சினை. பாஸ்டனுக்குக் கொண்டுபோய், அழுத்தம் ஏற்றிய ஆக்ஸிஜன் அறைக்குள்கூட வைத்துப் பார்த்தார்கள். 39 மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதே பாஸ்டனில் நான்கு ஆண்டுக்கு முன்புதான், 1959இல், மேரி எலன் ஏவரி என்ற டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார்: நுரையீரலின் சிற்றறைகள் மூச்சை வெளியே விட்டதும் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒரு பொருள் குறைமாதப் பிள்ளைகளிடம் போதுமான அளவு இல்லை. சர்ஃபாக்டன்ட் என்று நீங்கள் சொல்வது அதுதான். காரணம் தெரிந்திருந்தது, மருந்து இல்லை. வெள்ளை மாளிகைப் பிள்ளைக்கும் லயத்துப் பிள்ளைக்கும் அந்தப் பத்தாண்டில் விதி ஒன்றாகத்தான் இருந்தது. இதை நான் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். வெகுநேரம் கழித்து, “அந்தம்மா என்ன பண்ணிச்சோ” என்றார்.

என் மகளும் முனகினாள். பிறந்த அன்று சக்கர நாற்காலியில் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தபோது நான் கேட்ட முதல் சத்தம் அதுதான். பாட்டி சொன்ன கதை எனக்குத் தெரியும் என்பதால் உடம்பே விறைத்துப்போனது. அங்கே நின்ற மூத்த மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அழலம்மா. நுரையீரல் மூடிடாம அவளே இழுத்துப் பிடிச்சிருக்கா. இப்ப நாம கூடப் பிடிக்கப் போறோம்” என்றார். இதைவிடச் சரியாக எந்த மருத்துவ நூலும் எனக்குச் சொல்லவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரெகரி என்ற மயக்க மருந்து டாக்டர் நினைத்ததும் கிட்டத்தட்ட இதுதான். முனகல் என்பது பிள்ளை தொண்டையை இறுக்கிக் காற்றை உள்ளே தேக்கி வைக்கும் முயற்சி என்றால், மெல்லிய அழுத்தத்தை வெளியிலிருந்து நாமே கொடுத்தால் என்ன? 1971இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 20 பிள்ளைகள். 16 பேர் பிழைத்திருந்தார்கள்.

உங்கள் வார்டில் அந்த அழுத்தம் ஒரு தண்ணீர் பாட்டிலிலிருந்து வந்தது. பிள்ளையின் மூக்கில் இரண்டு சின்னக் குழல், அதிலிருந்து போகும் குழாயின் மறுமுனை பாட்டிலுக்குள். நுனி தண்ணீருக்குள் ஐந்து சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் நுரையீரலுக்கு ஐந்து சென்டிமீட்டர் அழுத்தம். ஆறு இறக்கினால் ஆறு. எங்கள் மாவட்டம் புக்கிட் மேரா அணையின் தண்ணீரை நம்பி நெல் போடுகிற ஊர்; 1906இல் அந்தப் பாசனத் திட்டம் முடிந்ததிலிருந்து, வயலில் எத்தனை விரல் தண்ணீர் நிற்கிறது என்பதில்தான் இங்கே விளைச்சலே. நாற்று மூழ்கவும் கூடாது, காயவும் கூடாது. உங்கள் பாட்டிலைப் பார்த்ததும் எனக்குப் பயம் பாதி போனது அதனால்தான். நீங்கள் குனிந்து, கண்ணைப் பாட்டிலின் அளவுக்கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்து, குறைந்த தண்ணீரை ஊசியால் நிரப்புவீர்கள். பிறகு டார்ச் அடித்து, குழல் பட்டு மூக்குத் தண்டு சிவந்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள். குமிழி சத்தம் நின்றால் எங்கேயோ காற்று கசிகிறது என்று அர்த்தம். நீங்கள் வேறு பிள்ளையிடம் இருந்தாலும் அந்த நிசப்தம் உங்கள் காதில் விழுந்துவிடும்.

முதல் இரவில் பாட்டில் மட்டும் போதவில்லை. ஆக்ஸிஜன் தேவை ஏறிக்கொண்டே போனது. அப்போது வந்த இளம் மலாய் டாக்டரை நான் மறக்க மாட்டேன். சர்ஃபாக்டன்ட் போட வேண்டும் என்று சொன்னவர் கொஞ்சம் தயங்கி, “இது மாட்டு நுரையீரலிலிருந்து எடுக்கிற மருந்து. நீங்கள் இந்து. சொல்லாமல் போட எனக்கு மனம் வரவில்லை” என்றார். பன்றியிலிருந்து எடுப்பதும் உண்டு என்று பிறகு படித்தேன். நம் நாட்டில் ஒரு மருந்து வாங்குவதில்கூட எத்தனை பேர் மனம் பார்க்க வேண்டியிருக்கிறது! என் கணவர் வெளியே போய்ப் பாட்டியிடம் சொன்னார். தோட்டத்தில் மாடு வளர்த்து, பெயர் வைத்துக் கூப்பிட்டு, மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் சாயம் பூசியவர் அவர். “இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? பால் கொடுக்கலையா, மூச்சும் கொடுக்கட்டும். வெரசா போடச் சொல்லு” என்று விரட்டி அனுப்பினார்.

ஒரு கிலோவுக்கு 4 மில்லி. என் மகளுக்கு 4.4 மில்லி. ஒரு தேக்கரண்டிகூட இல்லை. அதையும் ஒரே மூச்சில் ஊற்றிவிடாமல் நாலு பங்காக்கி, ஒவ்வொரு பங்குக்கும் பிள்ளையை ஒரு பக்கம் சாய்த்து, நடுவில் நிறுத்தி, அவள் நிறம் திரும்பும்வரை பொறுத்துப் போட்டீர்கள். ஜப்பானில் தெட்சுரோ ஃபுஜிவாரா 1980இல் முதன்முதலாகப் பத்துப் பிள்ளைகளுக்கு இப்படி மாட்டு நுரையீரல் மருந்தைக் கொடுத்து, அது வேலை செய்வதைக் காட்டினார். பாட்டியின் பிள்ளை இறந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை அப்போது.

இனி ஆக்ஸிஜன். நான் அதிகம் கடன்பட்டிருப்பது இதற்குத்தான்.

மருந்து போன சில மணி நேரத்தில் திரையில் இரத்த ஆக்ஸிஜன் எண் ஏறியது. 93, 96, 99. நூறு வந்ததும் என் கணவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். எங்கள் வீட்டில் நூறு என்றால் நூறுதான், அதற்கு மேல் என்ன வேண்டும். மணி அடித்தது. நீங்கள் வந்தீர்கள், பிள்ளையைப் பார்த்தீர்கள், திருகைக் கொஞ்சம் திருப்பி ஆக்ஸிஜனைக் குறைத்தீர்கள். என் கணவர் பதறிப்போய்க் கேட்டதற்கு, “நூறு நமக்கு நல்லது, இவளுக்கு இல்ல. கண்ணு போயிடும்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போனீர்கள்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை பிள்ளைகள்! 1940களில் பணக்கார நாடுகளில் நல்ல இன்குபேட்டர்கள் வந்தன. நீலம் பாரித்த பிள்ளைகளுக்கு ஆக்ஸிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் பிழைத்தன, பார்வை இல்லாமல் பிழைத்தன. ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் என்பார்கள். பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர், 1950இல் ஆறு வாரம் முந்திப் பிறந்தவர். நல்ல மருத்துவமனை இருந்த ஊரில்தான் குருட்டுப் பிள்ளைகள் அதிகம் என்பதுதான் கொடுமை. 1951இல் மெல்பர்னில் கேட் கேம்ப்பெல் என்ற குழந்தை மருத்துவர் ஆக்ஸிஜன் மேல் சந்தேகப்பட்டு எழுதினார். அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து சோதித்து அதை உறுதிப்படுத்தின. உடனே எல்லாரும் மறுகோடிக்கு ஓடினார்கள்: ஆக்ஸிஜனைக் கண்டபடி இறுக்கிப் பிடித்தார்கள். பார்வை தப்பியது, உயிர் போனது. ஒரு பிள்ளையின் பார்வையைக் காப்பாற்றப் பதினாறு பிள்ளைகள் இறந்திருக்கலாம் என்று 1973இல் கிராஸ் என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டார். அதற்குப் பிறகும் எது சரியான அளவு என்பதற்குப் பல நாட்டுப் பிள்ளைகளை வைத்துப் பெரிய ஆய்வுகள் நடந்து, இந்த நூற்றாண்டில்தான் ஒருவாறு தெளிந்திருக்கிறது. தொண்ணூறுக்கும் தொண்ணூற்றைந்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு. அந்த இடுக்குக்குள் என் மகளை இரவும் பகலும் நிறுத்தி வைத்தீர்கள்.

திரையை மட்டும் நம்பவும் இல்லை. ஜப்பானியர் தாக்குவோ அவோயாகி 1974இல் உருவாக்கிய, திரைக்கு அந்த எண்ணைத் தரும் ஒளிக்கருவி, கறுத்த தோலில் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. நம் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் அவ்வப்போது குத்தி இரத்தம் எடுத்து ஒத்துப் பார்த்தபோது, ஐயோ திரும்பத் திரும்பக் குத்துகிறார்களே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது அந்தக் குத்துக்கும் நன்றி.

கோப்பி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். குறைமாதப் பிள்ளைக்கு மூச்சு விட மறந்துபோகும் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறந்துபோனாள். மார்பு ஆடவில்லை, இதயத் துடிப்பு இறங்கியது, மணி அடித்தது. நீங்கள் ஓடி வரவில்லை. நடந்து வந்து, ஒரு விரலால் உள்ளங்காலைத் தேய்த்தீர்கள். அவள் முகத்தைச் சுளித்து, ‘சரி சரி’ என்பதுபோல் மூச்சை இழுத்தாள். பிறகு தினமும் ஒரு வேளை காஃபீன் மருந்து. 2006இல் வந்த ஆய்வு ஒன்றில், தற்செயலாக அதே எண்ணிக்கையில் 2006 பிள்ளைகளுக்கு மருந்தையோ வெறும் உப்புநீரையோ கொடுத்துப் பார்த்து, காஃபீன் கொடுத்த பிள்ளைகள் மூச்சுக் கருவியிலிருந்து சீக்கிரம் விடுபட்டதைக் கண்டார்கள். காலையில் கோப்பி-ஓ இல்லாமல் கண் திறக்காத என் கணவருக்கு இதில் பரம திருப்தி. “நம்ம ரத்தம்லா” என்றார்.

பாலும் அளந்துதான். முதலில் ஒரு மில்லி, குழாய் வழியாக. நான் பாதி இரவு விழித்துப் பிழிந்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பாகான் செராய், கமுந்திங் தாண்டி ரயிலில் கொண்டுவருவேன். பச்சை உடம்பு வெளியே போகக் கூடாது என்று அம்மா ஒரு பக்கம். காயமருந்து உருண்டையை வாயில் திணித்து, காதில் பஞ்சு வைத்து, “போயிட்டு வா” என்று பாட்டி ஒரு பக்கம். அந்த ஒரு மில்லியை நீங்கள் ஏதோ விருந்து பரிமாறுகிறமாதிரி முகத்தோடு கொடுப்பீர்கள்.

பிறகு ஒருநாள், குழாய்களோடு சேர்த்து அவளைத் தூக்கி என் நெஞ்சில் படுக்க வைத்தீர்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் எட்கர் ரே என்ற டாக்டர் தொடங்கிய பழக்கமாம். என் நெஞ்சில் இருக்கும்போது அவளுக்கு ஆக்ஸிஜன் இன்னும் குறைவாகவே போதுமாக இருந்தது. என் கணவரையும் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னபோது அவர் வெட்கப்பட்ட வெட்கம்! ஆனால் அந்த வாய்ப்பு அவருக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது. தகப்பனுக்குச் சட்டப்படி ஏழு நாள் விடுப்பு, 2023 ஜனவரியிலிருந்து. ஏழு நாள் முடிந்தபோது பிள்ளையின் மூக்கில் குழல் அப்படியே இருந்தது. அவர் இரவு ஷிஃப்டுக்குப் போய்விட்டுக் கண் சிவக்க வந்து நின்றார். எனக்கு 98 நாள். பிள்ளை வீட்டுக்கு வருமுன்பே பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. பிரிட்டனில் 2025 ஏப்ரலிலிருந்து இப்படிப் பிள்ளை மருத்துவமனையில் இருக்கும் பெற்றோருக்குத் தனியாகப் பன்னிரண்டு வாரம்வரை விடுப்பு உண்டு. நம் நாடாளுமன்றத்தில் யாராவது இதைப் படித்தால் நல்லது. நாளுக்கு மூன்று வெள்ளி வார்டுக் கட்டணத்தில் இத்தனையும் செய்கிற நாட்டுக்கு இது முடியாத காரியமில்லை.

பிள்ளை இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விழித்திரையில் லேசாக ஏதோ தெரிந்தது, ஊசியோ லேசரோ தேவைப்படாமல் தானே சரியாகிவிட்டது. சளி பிடித்தால் மட்டும் நெஞ்சு கர்கர் என்கிறது; அதற்கு நீங்கள் எழுதிக் கொடுத்த தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இதோடு ஒரு பை வைத்திருக்கிறேன். பாட்டி பழைய கைலித் துணிகளில் கைத்தையலாகத் தைத்த தொப்பிகள், மூன்று அளவில். பொத்தான், நாடா, உள்தையல் முடிச்சு எதுவும் இல்லை. கொதிநீரில் அலசி வெயிலில் காயவைத்தது. தொற்று விதிப்படி வெளித்துணி கூடாது என்றால் கூச்சப்படாமல் எடுத்து வையுங்கள். அடுத்த மாதம் கண் கிளினிக்குக்கு வரும்போது நான் வாங்கிக்கொள்கிறேன். சிறிய அளவு போதாது, பெரியது வேண்டாம் என்றாலும் சொல்லியனுப்புங்கள், துணி இன்னும் மிச்சம் இருக்கிறதாம்.


‘பேபி ஆஃப்’பின் அம்மா
பாரிட் புந்தார்